வி.பி.பி. விளம்பரமும் வி.ஐ.பி. விளம்பரமும்

இந்த வாரம் வீடியோவுக்குப் பதிலா எழுத்துல வர்றேன். விஷயம் கொஞ்சம் நீளம், நடுவுல கணக்கும் இருக்கு. கேமரா முன்னாடி சொன்னா பாதிப் பேர் ஓட்டிவிட்டுப் பாப்பீங்க. இதைப் பொறுமையா படிங்க.

போன வாரம் திருநள்ளாறுல இருந்து எங்க சித்தப்பா வாட்ஸ்அப்ல ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். ஆட்டுப் பண்ணை. ஒரு லட்சம் ரூபாய் கட்டினா உங்க பேர்ல 8 ஆடு. ஆட்டை நீங்க வளர்க்க வேண்டாம், பண்ணையில அவங்களே வளர்ப்பாங்க. மாசம் 5,000 ரூபாய் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும். ஆட்டோட காதுல நம்பர் போட்டு போட்டோ வேற அனுப்புவாங்களாம். கீழே சித்தப்பா ஒரு வரி சேர்த்திருந்தார்: "தம்பி, நீதான் யூடியூப்ல பேசுறியே, இது சரியா வருமான்னு பாத்துச் சொல்லு."

அவர் கேட்ட நேரம் அப்படி. நான் அப்போ பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி விலைவாசி எப்படி இருந்ததுன்னு ஒரு வீடியோ போடலாம்னு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல போய் உட்கார்ந்தேன். அரிசி விலை தேடப் போனவன் விளம்பரப் பக்கத்துல மாட்டிக்கிட்டேன். ரெண்டு ராத்திரி அதுலயே போச்சு.

பாக்கெட் கடிகாரம், கூந்தல் தைலம், தாதுபுஷ்டி லேகியம், ஆர்மோனியம், துப்பறியும் நாவல்னு பக்கம் பக்கமா விளம்பரம். 1915-ல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' மாதிரி மாத இதழ்கள் சென்னைப் பட்டணத்துக்காரங்களுக்கு மட்டும் போகலை. தபால்காரர் நடந்து போற கிராமத்துக்கும் போச்சு. ஒருத்தர் சந்தா கட்டுவார், தெருவே படிக்கும். நம்ம நெடுங்காடு, நிரவி மாதிரி ஊர்ல அன்னிக்குக் கடிகாரக் கடைக்கு எங்கே போறது? பத்திரிகையோட பின்பக்கம்தான் கடைத்தெரு.

அந்த விளம்பரங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு விஷயம்தான் என்னை நிறுத்துச்சு. வி.பி.பி.

இன்னிக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால சொல்லிடறேன். வேல்யூ பேயபிள் போஸ்ட். இந்தியத் தபால் துறை 1877-ல் கொண்டுவந்தது. நீங்க ஒரு கார்டு எழுதிப் போட்டா போதும். கம்பெனிக்காரன் பொருளைத் தபால்ல அனுப்புவான். தபால்காரர் உங்க வாசலுக்கு வந்து, பொருளோட விலையை உங்ககிட்ட வாங்கிக்கிட்டுப் பார்சலைக் கொடுப்பார். பணம் மணியார்டர் மாதிரி கம்பெனிக்குப் போய்ச் சேரும். வேண்டாம்னா பார்சல் திரும்பிப் போயிடும். இன்னிக்கு கேஷ் ஆன் டெலிவரின்னு பெருமையா சொல்றோமே, அதோட தாத்தா இது.

சரி, அந்த விளம்பரமெல்லாம் உண்மையா? பாதிக்கு மேல புளுகுன்னுதான் எனக்குத் தோணுது. ஒரே லேகியம் ஞாபக சக்தியையும் கூட்டும், மூலத்தையும் தீர்க்கும், கிழவனை வாலிபனாக்கும். இந்தக் கூத்து தாங்காமதான் 1954-ல் மருந்து விளம்பரங்களுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. வி.பி.பி.யிலயும் ஓட்டை உண்டு. பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்கவே விடுவாங்க. உள்ளே என்ன இருக்குங்கிறது அனுப்பினவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆனா ஒண்ணு. ஏமாந்தாலும் போறது அந்த ஒரு பொருளோட விலை. பணம் கையை விட்டுப் போற அதே நிமிஷம் ஏதோ ஒண்ணு கைக்கு வந்துடுது. தைலம் வேலை செய்யலைன்னா அடுத்த புட்டி வாங்க மாட்டான், அவ்வளவுதான். யாரும் நிலத்தை அடகு வெச்சு லேகியம் வாங்கலை.

இந்தத் தொழில்ல நம்ம டெல்டாக்காரர் ஒருத்தர் பெரிய ஆளா வந்தார். எஸ்.எஸ். வாசன். 1904-ல் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி தபால் வழி விற்பனையும் விளம்பர ஏஜென்சியும்தான் அவர் தொழில். விளம்பரம் கொடுத்துக்கிட்டு இருந்த ஒரு பத்திரிகை நின்னு போனதும், 1928-ல் அதையே விலைக்கு வாங்கினார். அதுதான் ஆனந்த விகடன். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார்னு சொல்வாங்க. விளம்பரம் கொடுத்த ஆளே பத்திரிகை முதலாளி ஆனார்! பத்திரிகை யாரால ஓடுதுங்கிறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா. இன்னிக்கு யூடியூபும் அதே கணக்குதான். அதுக்குப் பிறகு வர்றேன்.

அந்தக் காலத்துலயே பொருள் விக்காம பணத்தைக் கேட்ட அழைப்புகளும் இருந்தது. பெரிய உதாரணம் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1906-ல் பதிவானது. மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. பாரதியோட 'இந்தியா' பத்திரிகை அந்தக் கப்பல் கம்பெனிக்குத் துணையா எழுதுச்சு. பணமும் வந்தது, கப்பலும் வந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிச்சு, அரசாங்கம் 1908-ல் வ.உ.சி.யை ஜெயில்ல தள்ளுச்சு, 1911-ல் கம்பெனியைக் கலைச்சாங்க. பங்கு வாங்கினவங்களுக்கு நஷ்டம். ஆனா அதை மோசடின்னு யாராவது சொல்வாங்களா? லாபம் உறுதின்னு எழுதிக் கொடுத்து வாங்கின பணம் இல்லை அது. பங்குன்னா கப்பல் மூழ்கினா நானும் மூழ்குவேன்னு ஒத்துக்கிட்டுப் போடற காசு.

பாரதியே ஒரு அழைப்பு விட்டிருக்கார். புதுச்சேரியை விட்டு வந்த பிறகு, தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி போடத் திட்டம். ஆரம்பச் செலவு கிட்டத்தட்ட 20,000 ரூபாய். ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷத்துல ஒன்றரை லட்சம் லாபம் நிச்சயம்னு எழுதி, நண்பர்கள்கிட்ட குறைஞ்சது 100 ரூபாய் கடன் கேட்டார். புரோநோட்டு உண்டு, மாசம் 2 சதவீத வட்டின்னு வாக்கு. வருஷத்துக்கு 24 சதவீதம்!

கோவிச்சுக்காதீங்க, பாரதி மேல எனக்கும் பக்தி உண்டு. அந்த மனுஷன் மனசுல ஒரு துளி கள்ளம் கிடையாது. ஆனா இதே கடுதாசியை பேரை மறைச்சு என்கிட்ட யாராவது கொடுத்தா, பணம் போடாதீங்கன்னுதான் வீடியோவுல சொல்வேன். திட்டம் நடக்கலை. 1921 செப்டம்பர்ல பாரதி போயிட்டார். கேக்கறவர் நல்லவரா கெட்டவராங்கிறது ஒரு கேள்வி. அந்த வட்டி எங்கே இருந்து வரும்ங்கிறது வேற கேள்வி. நாம எப்பவும் முதல் கேள்வியோடயே நிறுத்திக்கிறோம்.

இப்போ பண்ணைக்கு வருவோம். 90-கள்ல தேக்கு மரம் விளம்பரம் ஞாபகம் இருக்கா? பேப்பர்ல அரைப் பக்கம், முழுப் பக்கம்னு வந்தது. 1998-ல் அனுபவ் பிளான்டேஷன்ஸ் விழுந்துச்சு, அடுத்த வருஷமே செபி இந்த மாதிரித் திட்டங்களுக்கு விதி கொண்டுவந்தது. அதை மறந்து முடிக்கறதுக்குள்ள ஈமு கோழி.

பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ் விளம்பரத்தைக் கொஞ்சம் நிதானமா பாக்கணும். ஒன்றரை லட்சம் டெபாசிட். ஆறு குஞ்சு தருவாங்க, கொட்டகை போட்டுத் தருவாங்க, தீவனமும் தருவாங்க. மாசம் 6,000, வருஷக் கடைசியில 20,000 போனஸ். கூட்டிப் பாருங்க. வருஷத்துக்கு 92,000. போட்டது 1,50,000. அதாவது 61 சதவீதம். இதுல குஞ்சாவது உங்க தோட்டத்துல ஓடுச்சு. இன்னொரு திட்டத்துக்குப் பேரு வி.ஐ.பி. திட்டம். கோழி அவங்க பண்ணையிலயே இருக்கும், உங்களுக்கு மாசம் 7,000, போனஸ் அதே 20,000. 69 சதவீதம்! கோழியைக் கண்ணால பாக்காதவனுக்குத்தான் கூடுதல் வரும்படி.

வி.பி.பி.யையும் வி.ஐ.பி.யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அங்கே பொருள் வாசலுக்கு வந்த பிறகுதான் பணம் போச்சு. இங்கே பணம் முதல்லயே போயிடுது, பொருள் அவன்கிட்டயே இருக்கு. பொருள் உன்கிட்ட வராததையே ஒரு மரியாதை மாதிரி விக்கிறான். 2012 ஆகஸ்ட்ல எல்லாம் விழுந்துச்சு. ஈமு கறி திங்க நம்ம ஊர்ல ஆள் இல்லை. புதுசா டெபாசிட் போடற ஆளோட காசுதான் பழைய ஆளுக்கு மாசாமாசம் போச்சு. பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறைதான் தீனி போட வேண்டியதா போச்சு.

சித்தப்பா அனுப்பின ஆட்டுப் பண்ணைக் கணக்கு? ஒரு லட்சத்துக்கு வருஷம் 60,000. 60 சதவீதம். பத்து வருஷம் கழிச்சு கோழி ஆடாயிருக்கு, சதவீதம் மட்டும் மாறலை.

காரைக்கால்ல இந்த விளம்பரம் எடுபட ஒரு காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ல பிரெஞ்சு பென்ஷன் வாங்கற குடும்பம் இருக்கு, பாரிஸ்லயும் வளைகுடாவுலயும் பிள்ளைகள் இருக்காங்க. கையில பணம் இருக்கு, ஆடு மேய்க்க ஆள் இல்லை. பண்ணையை ஆசையா பாக்கற, ஆனா சாணி அள்ள முடியாத மனுஷங்களைத்தான் அந்த விளம்பரம் தேடுது. இன்னொண்ணு, பணம் வாங்கற கம்பெனி தமிழ்நாட்டுல, கட்டறவர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல. தமிழ்நாட்டுக்கு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் வந்தது, புதுச்சேரிக்கு 2004-ல். பிரச்சினைன்னு வந்தா எந்த ஸ்டேஷன்னு அலையறதுலயே பாதி உயிர் போயிடும். இப்போ நாடு முழுக்க 2019-ம் வருஷச் சட்டம் இருக்கு. ஒழுங்குமுறைக்குள்ள வராத டெபாசிட்டைக் கேட்டு அந்தக் கம்பெனி விளம்பரம் பண்ணினாலே குற்றம். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.

இப்போ என் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பண்ணை நிலக் கம்பெனி எங்க சேனலைத் தேடி வந்தது. கால் ஏக்கர் வாங்குங்க, நாங்க மரம் வளர்த்துத் தர்றோம்னு. மூணு நிமிஷம் பேசினதுக்கு நல்ல தொகை கொடுத்தாங்க. பேசினேன். நிலத்தை நான் போய்ப் பாக்கலை, பத்திரம் கேக்கலை. கோட்டுச்சேரியில இருந்து ஒரு அக்கா, "உங்களை நம்பித்தான் தம்பி அட்வான்ஸ் கொடுத்தேன்"னு மெசேஜ் போட்டப்புறம்தான் உறைச்சுது. வீடியோவைத் தூக்கிட்டேன். வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அக்காவுக்கு அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்தது. அதனாலதான் வாசனைப் பத்திச் சொன்னேன். விளம்பரத்துல ஓடற பத்திரிகையும் சேனலும் உங்களுக்காக விசாரிச்சுட்டுத்தான் போடுதுன்னு நினைக்காதீங்க. நான் விசாரிக்கலை.

சித்தப்பாகிட்ட போன்ல பேசினேன். "சித்தப்பா, தாத்தா ஆடு வளர்த்தாரே, ஒரு ஆட்டுல வருஷத்துக்குச் செலவெல்லாம் போக என்ன நிக்கும்?"

"நோவு நொடி வராம இருந்தா ஏதோ நிக்கும். சொல்ல முடியாதுடா."

"உங்களுக்குக் கொடுக்கறதுக்கு மட்டுமே இவன் ஒரு ஆட்டுல 7,500 மிச்சம் பிடிக்கணும். அதுக்கு மேலதான் தீவனம், ஆள் கூலி, அவன் லாபம், இந்த விளம்பரச் செலவு எல்லாம். இவ்வளவு காசு வர்ற தொழில்னா பேங்க்ல பத்துப் பன்னெண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கிட்டுப் போலாமே? தேசிய கால்நடை இயக்கத்துல ஆட்டுப் பண்ணைக்குப் பாதி மானியமே இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு உங்களுக்கு ஏன் 60 சதவீதம் தர்றான்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆசை இருந்தா மாதூர் கிருஷி விக்யான் கேந்திராவுல போய்க் கேளுங்க, நாலு ஆடு வாங்கி உங்க கொல்லையிலயே கட்டுங்க, செத்தா நாலு ஆடுதான் போகும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "புக்கிங்குக்கு அஞ்சாயிரம் ஜிபேல போட்டுட்டேன்டா"ன்னார்.

அன்னிக்கே ரிசர்வ் வங்கியோட 'சாசெத்' தளத்துல புகார் பதிவு பண்ணினோம். கம்பெனிக்கு போன் போட்டா, புக்கிங் பணம் திருப்பித் தர்றதில்லை, மீதி 95,000-ஐக் கட்டினா முதல் மாசத்துலயே சேர்த்துத் தர்றோம்னு ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா பேசுது. இதை எழுதற வரைக்கும் அஞ்சாயிரம் வரலை. ஆட்டோட காதுல நம்பர் போட்ட போட்டோ மட்டும் வந்திருக்கு.