வால்வு சின்தசைசர் கட்டப் போகிறவர்களுக்கு...

வால்வு என்றதும் பலருக்கும் தாத்தா காலத்து ரேடியோதான் ஞாபகத்துக்கு வரும். குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே குழல்கள் சூடாகி, லேசாக ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்து, அப்புறம்தான் குரல் வரும். அதே வால்வை வைத்து அனலாக் சின்தசைசர் கட்டும் ஆசை எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள் பலருக்கு உண்டு. ஆசை தப்பில்லை. ஆனால் "வால்வு போட்டால் போதும், சத்தம் தன்னால் இனிக்கும்" என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறதே, அதுதான் இடிக்கிறது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1939ல் அமெரிக்காவின் ஹாமண்ட் கம்பெனி நோவாகார்ட் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 163 வால்வுகள், 72 கட்டைகள். எடை 200 கிலோவுக்கு மேல்! இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அவர்கள் கட்டைக்கு ஒன்றாக 72 ஆசிலேட்டர் வைக்கவில்லை. மேல் ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு 12 ஆசிலேட்டர், அவ்வளவுதான். கீழே உள்ள ஐந்து ஸ்தாயிகளுக்கும் அதே அதிர்வெண்ணைப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போனார்கள். சுருதி சேர்க்கும் தலைவலி பன்னிரண்டு இடத்தோடு முடிந்தது. போர்க்காலத்தில் 1942ல் உற்பத்தி நின்றுபோனது வேறு கதை.

ஏன் இந்த ஜாக்கிரதை? வால்வு சூடாகச் சூடாக அதன் குணம் நகரும். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு வால்வுகள்கூட ஒன்றுபோல இருக்காது. அதிர்வெண் வெறும் 1% நகர்ந்தால் 17 சென்ட் பிசகும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருப்பதே 100 சென்ட்தான். சுமாரான காதுக்கும் இது உறைக்கும்.

இன்னொரு சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், அதாவது அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டும் என்பது சின்தசைசர் உலகின் வழக்கம். டிரான்சிஸ்டருக்கு இது பிறவிக்குணம். பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் இரட்டிக்கும். 1964ல் ராபர்ட் மூக் டிரான்சிஸ்டரில் தன் சின்தசைசரைச் செய்தபோது இந்தக் குணம் பெரிய வரமாக அமைந்தது. டிரையோடு வால்வின் கரண்டோ வோல்டேஜின் ஒன்றரை அடுக்காகத்தான் ஏறும். அதை வளைத்து நிமிர்த்தி ஆசிலேட்டர் கட்டுவது, வேண்டாத பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைப்பது மாதிரி.

ஆகவே சுருதியை டிரான்சிஸ்டரிடம் விட்டுவிட்டு, ஒலி கடந்துபோகும் வழியில் வால்வை வைப்பதே புத்திசாலித்தனம். குறிப்பாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில். 6BA6 போன்ற பெண்டோடுகளில் கிரிட் கம்பியை வேண்டுமென்றே சீரற்ற இடைவெளியில் சுற்றியிருப்பார்கள். கிரிட்டில் மைனஸ் வோல்டேஜ் கூடக்கூடப் பெருக்கம் மெல்லக் குறையும். ரேடியோவின் தானியங்கி ஒலி அளவுக்காகச் செய்தது, இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒற்றை வால்வாக வைத்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஜோடியாக எதிரெதிரே வைத்தால் பெருமளவு அடங்கும்.

12AX7ஐ 12 வோல்ட்டில் ஓட்டி, பின்னால் ஒரு ஆரஞ்சு எல்.இ.டி. ஒளிரவைத்து 'அசல் வால்வு' என்று விற்கும் பெட்டிகளும் உண்டு. சத்தம் கரகரப்பது உண்மைதான், சிலருக்கு அதுவே பிடிக்கிறது. ஆனால் அந்த வெளிச்சம் வால்வுடையது அல்ல :-)

அதற்காக நேரே 250 வோல்ட்டில் குதிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிடரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகக் குறுக்கே போட்டுவைப்பது, கை வைக்கும் முன் மீட்டரில் அளப்பது, மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்வது... பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் பழக்கம். சர்க்யூட் படத்தைப் பார்த்து சால்டர் பண்ணும் பத்தொன்பது வயதுக்காரருக்கு இதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும், படத்தில் இருக்காது.

தைரியம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2015ல் கோர்க்கும் நோரிடேக்கும் அறிவித்த நியூட்யூப். டிஸ்ப்ளேக்களில் எண்கள் ஒளிர்கிற தொழில்நுட்பத்தில் செய்த டிரையோடு, குறைந்த வோல்டேஜிலேயே ஓடும். அதில் தெரிகிற நீலப்பச்சை வெளிச்சமாவது அதனுடையதே.