முக்திநாத்துக்கு எந்த விமானம் நல்லது?

ராஜபாளையத்து நண்பர் ஒருவர் போன வாரம் பஸ் ஏறி வந்திருந்தார். ஆண்டாளைச் சேவித்துவிட்டு நேரே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அவரும் அவர் தெருக்காரர்கள் பதினான்கு பேரும் வருகிற ஏப்ரலில் முக்திநாத் போகிறார்களாம். "சார், நீங்க போயிட்டு வந்தவர். போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு ரெண்டு மூணு கம்பெனி பேர் சொல்றார் ஏஜெண்ட். எதுல போனா நல்லது?" என்று கேட்டார். ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருச்சாளக்கிராமம் என்னும் முக்திநாத் நம் ஊர்ப் பெரியாழ்வார் பாடிய திவ்யதேசம். அதனாலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அதன்மேல் தனி ஆசை. கோவில் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிஷம்தான். ஆனால் அந்த இருபது நிமிஷமும் காளி கண்டகி நதிப் பள்ளத்தாக்குக்குள் போகிறது. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறு பக்கம் தவளகிரி, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேல். விமானம் சிகரங்களுக்கு மேலே பறப்பதில்லை, நடுவிலேதான் பறக்கிறது. முற்பகலுக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். ஆகவே காலையில் மட்டும்தான் விமானம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். (அதனால்தான் தமிழ்நாட்டு அரசு வேலையில் சேர்ந்தபின் தமிழ்த் தேர்வு எழுதிப் பாஸ் செய்ய வேண்டியிருந்தது. தமிழனுக்கே தமிழ்ப் பரீட்சை!) அந்தப் பிரெஞ்சு இப்போது ஒரு விஷயத்துக்கு உதவியது. ஐரோப்பிய யூனியன் ஒரு 'லிஸ்த் நுவார்' வைத்திருக்கிறது. கறுப்புப் பட்டியல். ஐரோப்பிய வானத்தில் பறக்கக் கூடாத விமானக் கம்பெனிகள் அதில் இருக்கும். இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம், இங்கிலீஷிலும் உண்டு. நண்பருக்காக அதைத் திறந்து நேபாளத்தைத் தேடினேன். ஒரு கம்பெனி, இரண்டு கம்பெனி இல்லை, நேபாளத்தில் பதிவான அத்தனை கம்பெனிகளும் 2013 டிசம்பர் முதல் அதில் இருக்கின்றன. 2025 ஜூன் பட்டியலிலும் இருந்தன. காரணம், கம்பெனிகளை விட அவர்களைக் கண்காணிக்கிற இலாகா. விமான நிலையங்களை நடத்துவதும், விதி போட்டுச் சோதிப்பதும் அங்கே ஒரே அலுவலகம். ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்கு எழுதுகிறவரே ஆடிட்டராகவும் இருந்தால் எப்படி இருக்கும்?

இந்தோனேசியாவையும் 2007-ல் இப்படித்தான் மொத்தமாகத் தடுத்தார்கள். கண்காணிப்பைச் சீர் செய்தபின் 2018-ல் எல்லாருக்கும் தடை நீங்கியது. அந்த மாதிரி நாட்டில் பட்டியல் உதவும். ஜோம்சோம் போகிறவருக்கு அதை வைத்து ஒரு கம்பெனியைத் தள்ளி இன்னொன்றைப் பொறுக்க வழியில்லை.

சரி, புது விமானமாகப் பார்த்து ஏறலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2022 மே 29-ல் போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன தாரா ஏர் விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். அதில் நாலு பேர் நம் நாட்டவர். அந்த விமானத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். கேட்டவர்கள் எல்லாரும் ஓட்டை விமானம் என்றார்கள். ஆனால் 2016 பிப்ரவரி 24-ல், அதே கம்பெனி, அதே வழி, அதே ட்வின் ஆட்டர் ரகம், 23 பேர் இறந்தார்கள். அது வாங்கிச் சில மாதமே ஆன புத்தம் புது விமானம். இரண்டுமே மேகத்துக்குள் புகுந்து மலையில் மோதியவை. 2011 செப்டம்பரில் எவரெஸ்ட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிய புத்தா ஏர் விமானம் காத்மாண்டு அருகே குன்றில் மோதியதே, அன்றும் மேகம்தான். 19 பேர் போனார்கள். அதில் எட்டுப் பேர் நம் திருச்சியைச் சேர்ந்த கட்டுமானத் தொழில்காரர்கள். பேப்பரில் படித்தது நினைவிருக்கும்.

இனி என் கதை. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2012 ஏப்ரலில் நாங்கள் 22 பேர் போனோம். கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லை, அப்புறம் போக்ரா. விடியற்காலை ஐந்தரைக்கே விமான நிலையத்தில் உட்கார்ந்தோம். ஒன்பதரைக்கு, மேகம், இன்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கோ மூன்றாம் நாள் கோரக்பூரில் திரும்புகிற ரயில். ஏஜெண்ட் ஒரு நாள்கூட உபரி வைக்காமல் திட்டம் போட்டிருந்தார். தலைக்குச் செலவு குறையும் என்று நாங்களும் தலையாட்டியிருந்தோம். கவுண்டரில் இருந்தது இருபது வயசுப் பையன். அவனிடம் அதிகம் சத்தம் போட்டவன் நான்தான். "நேத்து போச்சே, இன்னிக்கு ஏன் போகாது? வெயில் அடிக்குதே!" முப்பத்தைந்து வருஷம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து திட்டு வாங்கியவன், அன்று வெளியே நின்று திட்டினேன். போக்ராவில் வெயில்தான். மேகம் மலை இடுக்கில் இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. பையன் கடைசிவரை "நஹீன்" என்ற ஒரே வார்த்தைதான் சொன்னான்.

மறுநாள் போனோம், சேவித்தோம், திரும்பினோம். ரயில் போய்விட்டது. முன்பதிவில்லாத பெட்டியில் நெருக்கியடித்து வந்ததில் என் மனைவியின் முழங்கால் வீங்கிவிட்டது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 14-ல் அக்னி ஏர் விமானம் ஜோம்சோமில் இறங்க முயன்று, இறங்காமல் திரும்பும்போது மலையில் மோதியது. 15 பேர் இறந்தார்கள், அதில் 13 பேர் இந்தியர்கள், முக்திநாத் போனவர்கள் பலர். ஆறு பேர் பிழைத்தார்கள். அந்த விபத்துக்குப் பயணிகளின் அவசரம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அதை அணைத்துவிட்டு, "அன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துக்குப் பயந்து அந்தப் பையன் ஏத்திவிட்டிருந்தா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே நண்பரே, கம்பெனி பெயரைவிட முக்கியம், உங்கள் திரும்பும் டிக்கெட் எந்தத் தேதிக்கு என்பது. 2022 விபத்துக்குப் பிறகு நேபாளத்தில், புறப்படும் இடம், சேரும் இடம் மட்டுமல்ல, வழி முழுக்க வானிலை சரியாக இருந்தால்தான் பறக்கலாம் என்று விதியை இறுக்கினார்கள். அப்படியானால் ரத்து அதிகமாகும். போகும்போதும் ஆகும், ஜோம்சோமிலிருந்து திரும்பும்போதும் ஆகும். ரத்து செய்கிற கம்பெனியை ஏசாதீர்கள். ஒரு கம்பெனி இன்று இல்லை என்றபின், வேறு கம்பெனியில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஏஜெண்ட் ஓடினால், காலைப் பிடித்தாவது நிறுத்துங்கள்.

ஜீப்பில் போனால் என்ன என்றும் கேட்டார். போகலாம், ஒரு நாள் முழுக்க ஆகும், இடுப்பு ஒடியும். அதுவும் பயமில்லாத வழி என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் போக்ராவிலிருந்து காத்மாண்டு போன மகாராஷ்டிர யாத்திரிகர் பஸ் மர்ஸ்யாங்டி ஆற்றில் விழுந்து 27 பேர் இறந்தார்கள். மழைக்காலத்தில் மண் சரிவு வேறு. ஏப்ரல் என்றால் பகலில், மெதுவாக, போகிறவர்கள் போகலாம். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் எந்த வழியானாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அந்த உயரத்தில் படியேறுவது வேறு விஷயம்.

இதையெல்லாம் நேற்று போனில் சொன்னேன். போக்ராவில் இரண்டு நாள், ஜோம்சோமில் ஒரு நாள் கூடுதலாக வைக்கத் தலைக்கு ஆறாயிரம் அதிகம் கேட்கிறாராம் ஏஜெண்ட். பதினான்கு பேரில் நாலு பேர் முணுமுணுக்கிறார்களாம். அந்த நாலு பேரையும் ஞாயிற்றுக்கிழமை இங்கே அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். பேசுவது என் மனைவி.