கிடாவின் தகப்பன் யார்?

ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவம் முடித்த பிள்ளை, மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சை எடுத்தால் வீட்டில் மகிழ்ச்சி. மரபியலும் இனவிருத்தியும் படிக்கப் போகிறேன் என்றால் முகம் சுருங்குகிறது. “நோய் தீர்க்காத படிப்பு”, “நல்ல மாடு எது என்று எங்கள் தாத்தாவுக்கே தெரியும்”, “சினை ஊசி வந்த பிறகு இது எதற்கு”, “வேலை எங்கே இருக்கிறது” என்று நான்கு பேச்சுகள் வரிசையாக வரும். புதுக்கோட்டைச் சீமையின் குன்றாண்டார்கோவில் போன்ற வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த ஆண்டு ஆடு மாடுதான் கை கொடுக்கும். அந்த ஊர்களிலும் இந்தப் பேச்சு நிலைத்துவிடக் கூடாது என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

“நோய் தீர்க்காத படிப்பு”

கழிச்சல் கண்ட ஆட்டுக்கு மருந்து கொடுப்பவர் அந்த ஆட்டைக் காப்பாற்றுகிறார். அது பெரிய பணி. ஆனால் பிறப்போடு வரும் பல குறைகளுக்கு மருந்து இல்லை.

அமெரிக்காவில் 1962-இல் பிறந்த ஹோல்ஸ்டீன் காளை ஒன்று, பெயர் பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். அதற்கு மகள்கள் மட்டும் ஏறத்தாழ 16,000. அவை பாலைக் கொட்டின. அதன் வாரிசுகள் உலகெங்கும் பரவின. ஆனால் அதன் உடலில் ஒரு மரபணுப் பிழை ஒளிந்திருந்தது. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் அந்தப் பிழை வந்து சேர்ந்தால் கரு தங்காது. இப்படி அழிந்த கருக்கள் சுமார் 5 லட்சம் என்று 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மாடு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அது “சினை நிற்கவில்லை” என்ற தனிக்குறையாகவே தெரிந்திருக்கும். உண்மையைக் கண்டது மரபியல்தான். உயிரோடு பிறந்த மாடுகளில் எந்த மரபணுச் சேர்க்கை ஒருமுறைகூடக் காணப்படவில்லை என்று தேடியதில் பிழை அகப்பட்டது. பிழையைச் சுமக்கும் காளையை இன்று முன்கூட்டியே கண்டறியலாம். பிழையைச் சுமக்கும் பசுவோடு அதைச் சேர்க்காமல் தவிர்க்கலாம்.

“எங்கள் தாத்தாவுக்கே தெரியும்”

தெரியும், மறுக்கவில்லை. திமில், கால் கட்டு, சுழி, சுறுசுறுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் காளை பிடித்தவர்களால்தான் காங்கேயமும் உம்பளச்சேரியும் புலிக்குளமும் இன்றுவரை நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியும் குணத்தில் அவர்கள் கண் தப்பாது. ஆனால் காளை பால் கறக்காது. அதன் பால் குணத்தை மகள்களின் கறவையை அளந்துதான் அறிய முடியும். பசுக்களிடையே காணும் பால் வேறுபாட்டில் சுமார் கால் பங்கே மரபு வழி வருவது. மற்றது தீவனமும் பராமரிப்பும். சினை பிடிக்கும் திறனில் மரபின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இவற்றை வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

இன்னொரு கணக்கு. ஐம்பது பெட்டை ஆட்டுக்கு ஒரே பொலிகிடா இருக்கும் பட்டியை எண்ணுங்கள். எல்லாக் குட்டிக்கும் தகப்பன் ஒன்றே என்பதால், மரபு நோக்கில் அந்தப் பட்டியின் அளவு 51 அல்ல, ஏறத்தாழ 4 ஆடுகள்தான். கிடாவின் மகனையே அடுத்த கிடாவாக வைத்தால், தலைமுறைக்குச் சுமார் 13 விழுக்காடு வீதம் உள்ளினச் சேர்க்கை ஏறும். குட்டி சிறுக்கும், இறப்பு கூடும். “ராசியில்லை” என்று பேசுவோம். நான்கு கிடாக்கள் இருந்தால் அந்த வீதம் மூன்றரை விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து ஊரோடு கிடாவை மாற்றிக்கொள்வது செலவில்லாத மருந்து.

குன்றாண்டார்கோவில் மண்டபத்தைத் தேராக இழுத்து நிற்கும் கல் குதிரைகள் எத்தனை நூற்றாண்டானாலும் அப்படியே இருக்கும். உயிருள்ள மந்தை அப்படி நிற்காது. ஒவ்வோர் ஈற்றிலும் மாறும்; அதனால்தான் பதிவு வேண்டும். புதுக்கோட்டைச் சீமையில் ஜல்லிக்கட்டை அறியாத ஊர் அரிது. நாட்டு இனம் காக்கவே இந்த விளையாட்டு என்று வாதாடி 2017-இல் சட்டம் பெற்றோம். 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வாடிவாசலில் பேர் எடுத்த காளை எத்தனை பசுவோடு சேர்ந்தது, கன்றுகள் எங்கே என்று எழுதி வைத்தால்தான் அந்த வாதம் முழுமை பெறும்.

“சினை ஊசி வந்துவிட்டதே”

ஒரத்தநாட்டுப் பக்கம் ஈச்சங்கோட்டையில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் விந்துக் குச்சிகள் காத்திருக்கும். அந்தக் குச்சிக்குள் எந்தக் காளை போக வேண்டும் என்று குளிர்கலனா சொல்லும்? பெற்றோரின் பதிவையும் மகள்களின் கறவையையும் கணக்கிட்டு ஒருவர் சொல்ல வேண்டும். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்றுக்கு அயல் ரத்தம் பாதி. அதற்கும் அதே ஊசி என்றால் முக்கால். மூன்றாம் தலைமுறையில் 87.5 விழுக்காடு. சித்திரை வெயிலில் அந்த மாடு மூச்சு வாங்கும். எங்கே நிறுத்துவது என்பது ஊசிக்குத் தெரியாது. மாட்டின் மரபணுவைப் படிக்க 2024-இல் ‘கௌ சிப்’ வெளிவந்தது. அதுவும் கறவைப் பதிவு இல்லாத நாட்டில் அகராதி இல்லாத எழுத்தாகிவிடும்.

“வேலை எங்கே?”

இடங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் இல்லை என்பது பொய். 1984-இல் தொடங்கப்பட்டு இப்போது கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், பொட்டனேரியின் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம், மானாமதுரையின் புலிக்குளம் மாட்டு ஆராய்ச்சி நிலையம், உறைவிந்து நிலையங்கள், கோழி இன நிறுவனங்கள், கல்லூரிகள் எல்லாம் இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கான களங்களே.

மகாராஷ்டிரத்தின் பல்டணைச் சேர்ந்த சந்தா நிம்ப்கர் இதற்குச் சாட்சி. ஆட்டு இனவிருத்தியில் முனைவர் பட்டம் பெற்றவர். வங்கத்து கரோல் ஆட்டில் இரட்டைக் குட்டி தரும் மரபணு உண்டு. அதை தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, ‘நாரி சுவர்ணா’ என்ற ஆட்டை அவரது நிறுவனம் உருவாக்கி மேய்ப்பர்களிடம் சேர்த்தது. படிப்பு கிடைக்குள் இறங்கியதால் விளைந்த பயன் அது.

அடுத்த முறை சந்தையில் கிடா பிடிக்கும்போது பல்லைப் பார்த்த கையோடு, “இதன் தகப்பன் எது? கூடப் பிறந்த குட்டி எத்தனை?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், இந்தப் படிப்புக்கான வேலை அங்கேயே காத்திருக்கிறது.