செங்கல் வரிசை தரும் எச்சரிக்கை

தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கையில் மணலும், அதில் வரிசையாகப் படுக்கவைத்த செங்கற்களும் தென்பட்டால், அவற்றைப் பழைய கட்டடத்தின் எச்சமெனக் கருதிப் பெயர்த்தெறிவது பேராபத்து. மண்ணுக்கடியில் செல்லும் காப்பிட்ட மின்கம்பியாகிய மின்வடத்தின்மேல் பாதுகாப்புக்காகவும் அறிகுறியாகவும் செங்கல் பரப்புவது நெடுங்கால வழக்கம். தோண்டுவோர் குழாய், மின்வட உரிமையாளர்களுக்கு முன்னறிவிப்பதற்கான ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை இந்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது நல்ல முயற்சியே. ஆயினும் கிணற்று மோட்டாருக்கு வீட்டாரே, செங்கல்கூட வைக்காமல், புதைத்த கம்பி பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இராது என்பதே மிகவும் கவலைக்குரியது. அதன் வழியை, அதைப் பதித்த மின்பணியாளரிடமோ வீட்டு மூத்தவரிடமோ கேட்டறிந்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கடப்பாரையை எடுக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தாலும், தெருவிலிருந்து மீட்டருக்கு வரும் வடத்தில் மின்சாரம் நிற்பதில்லை.