பச்சை வந்துச்சு அக்கா!

கண்டிஷனல் ஃபார்மேட்டிங்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஃபர்ஸ்ட் இயர் கம்ப்யூட்டர் லேப்தான். ஒரு மார்க் லிஸ்ட் கொடுப்பாங்க. பாஸ் மார்க்குக்குக் கீழே இருக்கிறதை எல்லாம் சிவப்பாக்கணும். அவுட்புட்டை ரெக்கார்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கியதோட அந்த ஜோலி முடிஞ்சுது.

அதே வசதியை வைத்து ஒரு கணக்கு ஒர்க்‌ஷீட் செய்யலாம். பிள்ளை ஒரு செல்லில் விடையை டைப் பண்ணும். சரியா இருந்தா செல் பச்சை, தப்பா இருந்தா சிவப்பு. திருத்த ஆள் வேண்டாம், நெட் வேண்டாம், ஆப் வேண்டாம். கேட்கும்போதே ஆசையா இருக்குல்ல? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. என்எஸ்எஸ்ஸில் சனிக்கிழமை சனிக்கிழமை பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போய் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலையை நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் எடுத்திருந்தோம். அங்கே லேப் இருந்தது, சிஸ்டங்களில் லிப்ரே ஆபிஸ் இருந்தது. அதில் ஃபார்மேட் மெனுவுக்குள் கண்டிஷனல். எக்ஸெல்லில் என்றால் ஹோம் டேபில், நியூ ரூல் போட்டு, ஃபார்முலா வைத்து முடிவு செய்யும் கடைசி ஆப்ஷன். கூகுள் ஷீட்ஸில் கஸ்டம் ஃபார்முலா. மூன்றிலும் விஷயம் ஒன்றுதான்: உண்மை அல்லது பொய் என்று பதில் தரும் ஒரு ஃபார்முலா எழுதுகிறோம். உண்மை என்றால் நிறம் மாறும்.

இதை எல்லாரும் சொல்லித்தருகிற மாதிரி செஞ்சா பிள்ளைகளுக்குக் கெடுதல்தான் அதிகம் என்பது என் கருத்து. அந்தக் கெடுதலை நானே என் கையால் செஞ்சு பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

பாடம் பின்னங்கள். முதல் கணக்கு 1/2 + 1/3. விடையை ஒரே செல்லில் 5/6 என்று டைப் பண்ணச் சொல்ல முடியாது. ஸ்ப்ரெட்ஷீட் அதைத் தேதி என்று நினைத்துக்கொள்ளும், பிள்ளை விடை எழுதினால் அது ஜூன் மாசத்தைக் காட்டும். அதனால் மேல் எண்ணுக்கு பி2, கீழ் எண்ணுக்கு சி2 என்று இரண்டு செல் வைத்தோம். 10/12 என்று எழுதினாலும் சரிதான் என்பதால் குறுக்குப் பெருக்கல் வைத்து விதி எழுதினோம்: பி2*6=சி2*5. இது உண்மையானால் இரண்டு செல்லும் பச்சை. ரொம்ப அழகான விதி என்று எங்களுக்குள் கைகொடுத்துக்கொண்டோம்.

ஃபைலைத் திறந்ததும் பத்து கணக்கும் பச்சை! ஒரு பிள்ளையும் கீபோர்டைத் தொடவே இல்லை. காரணம் யோசிச்சா சிரிப்புதான் வரும். காலி செல்லை ஃபார்முலா பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தை ஆறால் பெருக்கினாலும் பூஜ்யம், ஐந்தால் பெருக்கினாலும் பூஜ்யம். இரண்டும் சமம், ஆகவே சரி. சி2 பூஜ்யத்தை விடப் பெரிசா இருக்கணும் என்று ஒரு ஆண்ட் சேர்த்தால் தீர்ந்திருக்கும். எங்களுக்கு அந்த நேரத்தில் பதற்றம். முப்பது பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விதியையே தூக்கிட்டு ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி விதி போட்டுட்டோம். சி2 ஆறு என்றால் பச்சை. பி2 ஐந்து என்றால் பச்சை. வேறு எது போட்டாலும் சிவப்பு. படிப்படியாக உதவி செய்கிற மாதிரியும் ஆச்சு என்று சமாதானம் வேறு.

அந்த மணி நேரம் முழுக்க லேபில் ஒரே சத்தம். "பச்சை வந்துச்சு அக்கா!" "எனக்கு நாலு பச்சை அக்கா!" நாங்க ரெண்டு பேரும் பூரிச்சுப் போய், ஃபோட்டோ எல்லாம் எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டோம். அடுத்த சனிக்கிழமை அதே கணக்கை கரும்பலகையில் எழுதி, நோட்டில் போடச் சொன்னேன். லேபில் பத்துக்குப் பத்து பச்சை வாங்கிய பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் எப்படிம்மா போட்டே என்று கேட்டேன். ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்: "2 போட்டேன், சிவப்பு. 3 போட்டேன், சிவப்பு. 6 போட்டேன், பச்சை வந்துச்சு. அப்புறம் மேலே 1-ல இருந்து போட்டேன்."

நம்ம பாஷையில் சொன்னா ப்ரூட் ஃபோர்ஸ். நாங்களே அதைச் சுலபமாக்கிக் கொடுத்திருக்கோம். மேலும் கீழும் 1 முதல் 12 வரை என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்து ஒரே விதியால் பார்க்கும்போது முயன்று பார்க்க வேண்டிய ஜோடிகள் 144. தனித்தனியாகப் பார்க்கும்போது அதிகபட்சம் 12 + 12, அதாவது 24 தடவை தட்டினால் போதும். பாஸ்வேர்டின் ஒவ்வொரு எழுத்தையும் "இது சரி, அடுத்தது போடு" என்று சொல்லும் லாகின் பக்கத்தை யாராவது டிசைன் பண்ணினா நாம எப்படிக் கலாய்ப்போம்! அதைத்தான் பண்ணி வைத்தோம். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. எந்த வேலைக்குப் பரிசு என்று நாங்க சொன்னோமோ அந்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள்.

இதை விட எனக்கு உறுத்தினது வேற ஒரு பையன். முதல் வாரம் அவன் பின்னாடி நின்று பார்த்தேன். நோட்டில் கணக்குப் போட்டு, சி2-வில் 12 என்று டைப் பண்ணினான். சிவப்பு. 10/12 என்று எழுதப் போயிருப்பான், நூற்றுக்கு நூறு சரி. அவன் என்னைக் கூப்பிடவில்லை, ஏன் தப்பு என்று கேட்கவில்லை. நோட்டில் இருந்ததை அடித்துவிட்டு, பக்கத்துப் பையனின் ஸ்க்ரீனைப் பார்த்து 6 என்று மாற்றினான். உடனே பச்சை. ஒரு வாத்தியார் "தப்பு" என்று சொல்லியிருந்தால் அவன் ஒருவேளை வாதாடியிருப்பான். கம்ப்யூட்டர் சொன்னால் யார் வாதாடுவார்கள்? விதி எழுதினது மெஷின் இல்லை, அவசரத்தில் இருந்த ஒரு செகண்ட் இயர் ஸ்டூடன்ட் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்குமே, அதை நாம எப்படிப் பயன்படுத்தினோம் என்று யோசிச்சுப் பாருங்க. கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பின்னாடி புரட்டுவோம். (சரி, சில பேர் முதலிலேயே புரட்டிட்டு மேலிருந்து கீழே இட்டுக்கட்டுவோம். அது வேற கதை.) புரட்டுவதற்கு ஒரு சின்ன சோம்பல் இருந்தது. அந்தச் சோம்பல்தான் நம்மை யோசிக்க வைத்தது. செல்லின் நிறம் அந்த இடைவெளியே இல்லாமல் செய்துவிடுகிறது. எண்டர் தட்டுகிற நொடியில் தீர்ப்பு வந்துவிடும்.

அதனால் முதலில் சிவப்பை எடுத்தோம். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர் உட்காரும் லேபில், நாலு வரிசை தள்ளி இருக்கிறவனுக்கும் சிவப்பு தெரியும். மெஷினிடம் தப்பு பண்ணினா யாருக்கும் தெரியாது, கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய வசதி என்று என் தோழி சொல்வாள். அது நியாயம்தான். ஆனால் ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு எரிந்தால் அந்த வசதி எங்கே இருக்கு? போதாக்குறைக்கு, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள், முக்கியமா பையன்களில், இருக்கத்தான் செய்வார்கள்.

சிவப்புக்குப் பதிலா வெளிர் மஞ்சள், அதுவும் ஒரே ஒரு தப்புக்கு மட்டும். 1/2 + 1/3-க்கு மேலும் கீழும் கூட்டி 2/5 என்று எழுதுவதுதான் எல்லாரும் பண்ணும் தப்பு. அதற்கென்று ஒரு விதி, பக்கத்து செல்லில் ஒரு இஃப்: "1/2 பெரிசா, 2/5 பெரிசா?" அவ்வளவுதான். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறைஞ்சு போகுமா என்று பிள்ளையே யோசிக்க வேண்டியதுதான். நிறம் எவ்வளவு பேச முடியுமோ அதில் இதுதான் உச்சம் என்று நினைக்கிறேன். இதை எழுத ஸ்ப்ரெட்ஷீட் தெரிந்தால் போதாது, பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரியணும். எங்களுக்கு அதைச் சொல்லித்தந்தது அந்தப் பள்ளியின் கணக்கு சார்.

விடையைச் சரிபார்ப்பதை விட, உறவைச் சரிபார்க்கும் கணக்குகள் இன்னும் நல்லா வேலை செய்யும். மாயச்சதுரம் எடுத்துக்கோங்க. 1 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்தி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரணும். எண்களைப் போடும் ஒன்பது செல்லுக்கும் நிறமே கிடையாது. ஓரத்தில் இருக்கும் கூட்டுத்தொகை செல்லுக்கு மட்டும்தான். ஒரே எண்ணை இரண்டு முறை போட்டால் கவுண்ட்இஃப் பிடித்துவிடும். இதில் ஒளித்து வைக்க விடை என்று ஒன்று இல்லை. திருப்பியும் புரட்டியும் வைத்தால் எட்டு விதமாக அமையும் என்பதால் பக்கத்துப் பையனுடையதும் நம்முடையதும் வேற மாதிரி இருந்தாலும் ரெண்டும் சரி. இதே மாதிரி, கூட்டினால் 1 வரும் மூன்று பின்னங்களை ஐந்து விதமாக எழுது என்று கொடுக்கலாம். இங்கேயும் குருட்டாம்போக்கில் எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள்தான். ஆனால் மாற்றும்போது கூட்டுத்தொகை ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும், அதிலேயே பாதிக் கணக்கு இருக்கு.

தமிழம்மா தனக்கும் ஒன்று செஞ்சு தரச் சொன்னார். ஆத்திசூடியைப் பாடியவர் யார் என்று ஒரு கேள்வி. ஒரு பிள்ளை ஔவையார் என்று எழுதியும் பச்சை வரவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது: அது ஔ என்ற ஒரே எழுத்தை அடிக்காமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்திருந்தது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் இதே கதிதான், அதற்காவது டிரிம் இருக்கு. எழுதும் விடைகளுக்கு இந்த வித்தை வேண்டவே வேண்டாம் என்று முடிவு பண்ணிட்டேன். சரியா எழுதின பிள்ளையைத் தப்பு என்று சொல்வதற்கு, சும்மா இருப்பது மேல். தசம எண்களிலும் சமக்குறி போட்டு நம்பாதீங்க. ஏபிஎஸ் வைத்து வித்தியாசம் 0.001-க்குக் கீழே இருக்கா என்று பாருங்க.

இவ்வளவு தொந்தரவு எதுக்கு, க்விஸ் ஆப் ஆயிரம் இருக்கே என்று கேட்பீங்க. ஒவ்வொரு சிம்போசியத்திலும் ரெண்டு டீமாவது ஏஐ டியூட்டர் செஞ்சு கொண்டுவருது, எனக்கும் தெரியும். என் பதில் ஒண்ணுதான். நாங்க மூணாவது வாரம் போனபோது கணக்கு சார் எங்க ஃபைலைத் திறந்து, எண்களை எல்லாம் மாற்றி, ரேஷன் கடை அரிசி, பஸ் டிக்கெட் என்று அவர் வகுப்புக்கு ஏத்த மாதிரி ஆக்கி வைத்திருந்தார். ஒரு விதியைக்கூடத் திருத்தியிருந்தார், அது நாங்க செஞ்ச தப்பு. ஒரு ஆப்பை அவர் இப்படித் திறந்து கை வைத்திருக்க முடியுமா? நாம டிகிரி முடிச்சுட்டுப் போயிடுவோம். ஃபைல் அவர்கிட்ட இருக்கும்.

கடைசியாக நாங்க வந்து நின்ற வடிவம் இதுதான். பத்து கணக்கு. பழைய குறுக்குப் பெருக்கல் விதி, காலி செல் ஓட்டையை அடைத்து, மறைத்து வைத்த ஒரு காலத்தில் 1 அல்லது 0 போடும். கணக்குகளுக்கு எந்த நிறமும் வராது. மேலே ஒரே ஒரு செல்லில் "10-ல் எத்தனை சரி" என்று மட்டும் காட்டும். பத்தும் சரியானால் அந்த ஒரு செல் பச்சையாகும். எது சரி, எது தப்பு என்று சொல்லாது. அதையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் கணக்கைப் போடுவதை விட அது பெரிய வேலை.

போன சனிக்கிழமை ஒரு சிஸ்டத்தில் மேலே 7 என்று நின்றது. மூன்று பேர். எந்த மூணு தப்பு என்று சண்டை. "நாலாவது தப்புடா, கீழே ரெண்டையும் கூட்டியிருக்கே பாரு." "அது சரிதான், நீ எட்டாவதைப் பாரு." பென்சிலைப் பிடுங்கி, நோட்டைத் திருப்பி, ஒருத்தன் வட்டம் போட்டு ஆறு துண்டாக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.