ஊசி முந்தியா, இலை முந்தியா?

வீட்டுச் சாப்பாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. இலை போட்டுப் பரிமாறிவிட்டு, "வாருங்கள்!" என்று நாம் நாலு தடவை குரல் கொடுத்தாலும், ஒருவர் பத்திரிகையை மடிக்க மாட்டார், இன்னொருவர் குளியலறையை விட்டு வர மாட்டார். சோறு அவர்களுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். ஹோட்டலில் விஷயம் தலைகீழ். அங்கே நாம்தான் சோற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகவும் இருந்துவிட்டால், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் எப்போது காப்பிக்கு வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

நமக்கெல்லாம் அது வெறும் பசி. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு குழந்தைக்கோ அது ஆபத்தாகவே முடியலாம்.

'குழந்தைக்குச் சர்க்கரை வியாதியா?' என்று சிலர் ஆச்சரியப்படுவீர்கள். தாத்தாவுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. முதல் வகை நீரிழிவு என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோயில், இன்சுலின் சுரக்கும் கணையத்தின் அணுக்களை உடம்பே அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. தாயார் வளர்த்த குற்றமும் அல்ல. மாத்திரையோ கஷாயமோ இதற்கு இன்சுலினின் இடத்தைப் பிடிக்காது. தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியர்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: பட்டினி போட்டு நாட்களை நீட்டுவது. 1922 ஜனவரியில் கனடா தேசத்து டொராண்டோ நகரில், லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவன், மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். நமது சென்னையிலே, 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். இன்று இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடுகிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள். எல்லாக் குழந்தைகளையும் போல, "ஹோட்டலுக்குப் போகலாம், அம்மா!" என்றும் கேட்கிறார்கள்.

போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் கடிகாரத்தையும் இலையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். அம்பத்தூரிலே ஒரு குடும்பம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. திருவேற்காட்டில் கருமாரியம்மனைத் தரிசித்துவிட்டுப் பூந்தமல்லியில் சாப்பிடலாம் என்று உத்தேசம். "ஹோட்டலில் போய் ஊசியை எடுப்பானேன்? வீட்டிலேயே போட்டுவிடலாம்" என்று பாட்டி யோசனை சொல்கிறாள். ஆறரை மணிக்கு ஊசி போட்டாகிவிட்டது. வானகரம் சாலையில் வண்டிகள் நகரவில்லை. சந்நிதியிலே கூட்டம். ஹோட்டலில் இடம் கிடைக்கும்போது எட்டேகால். சர்வர் வந்து, "மசால் தோசை கொஞ்சம் நேரமாகும்" என்கிறார். பெண் முகம் வெளுத்து, கை நடுங்கி, காரணமில்லாமல் தம்பியிடம் எரிந்து விழுகிறாள். "பசியிலே சிணுங்குகிறாள்" என்கிறார் அத்தை. அது சிணுங்கல் அல்ல. இன்சுலின் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அதற்குத் தீனிதான் வந்து சேரவில்லை!

இன்சுலினில் பல தினுசுகள் இருக்கின்றன. சாதாரண ரெகுலர் இன்சுலின் போட்டு ஏறக்குறைய அரை மணியில் வேலை தொடங்கும். இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். ஆகவே அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறார்கள். 1996-லிருந்து புழக்கத்துக்கு வந்த துரித இன்சுலின்கள் பத்து, பதினைந்து நிமிஷத்திலேயே தொடங்கிவிடும். அவற்றை இலையில் உட்காரும்போது போட்டால்கூடப் போதும். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எது என்பதை முதலில் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதுவாக இருந்தாலும் ஹோட்டலுக்கு ஒரு நியதி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டிலே போட வேண்டாம், வழியிலே போட வேண்டாம். துரித இன்சுலினானால் தட்டு மேஜைக்கு வந்த பிறகு போடுங்கள். ரெகுலரானால், சொன்ன நேரத்தில் பலகாரம் வரும் என்று சர்வரிடம் உறுதியாகக் கேட்டுக்கொண்டு போடுங்கள். சந்தேகமாக இருந்தால் அதையும் தட்டு வரும் வரை நிறுத்தி வையுங்கள். சற்றுத் தாமதமாகப் போட்ட ஊசியால் இரண்டு மணி நேரம் சர்க்கரை ஏறியிருக்கும், பிறகு இறங்கும். முந்திப் போட்ட ஊசியோ, சாப்பாடு வராவிட்டால், குழந்தையை மயங்கி விழவே வைத்துவிடும். இரண்டில் எது தேவலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் போடவே மறந்துவிடாமல் இருந்தால் சரி!

தப்பித்தவறிப் போட்டுவிட்டீர்கள், சாப்பாடு வரவில்லை என்றால், வேடிக்கை பார்க்க வேண்டாம். சிறிய வாழைப்பழம் ஒன்றோ, நாலு பிஸ்கோத்தோ கொடுத்துவிடுங்கள்.

இனி, எத்தனை யூனிட் என்ற கேள்வி. 'இனிப்பைத் தொடவில்லையே, கொஞ்சம் போட்டால் போதாதா?' என்று தோன்றும். நாக்குக்குத் தெரியும் இனிப்பு ஒன்று. இரத்தத்தில் சேரும் சர்க்கரை வேறு. டாக்டர்கள் கார்போஹைட்ரேட் என்று எண்ணும் மாவுச்சத்துதான் கணக்கு. 100 கிராம் சாதத்தில் அது சுமார் 28 கிராம். வீட்டுத் தோசையில் உத்தேசமாக 20 கிராம் என்றால், ஹோட்டல் மசால் தோசையில் உருளைக்கிழங்கும் சேர்ந்து 45 கிராமுக்குக் குறையாது. ஒரு தம்ளர் ரோஸ் மில்க் 30 கிராம்வரை வரும்.

15 கிராமுக்கு ஒரு யூனிட் என்று டாக்டர் ஒரு குழந்தைக்குச் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோசையும் ரோஸ் மில்க்கும் சேர்ந்து 75. ஆகவே 5 யூனிட். இந்த விகிதம் குழந்தைக்குக் குழந்தை மாறும். காலைக்கும் இரவுக்குமே மாறும். அடுத்த வீட்டுக் கணக்கு உங்கள் வீட்டுக்கு உதவாது. துரிதமும் நீடிப்பும் கலந்த இன்சுலினைக் காலையும் மாலையும் போடுகிறவர்கள், வேளைக்கு வேளை யூனிட்டை மாற்ற முடியாது; அவர்கள் சாப்பாட்டைத்தான் வழக்கமான அளவுக்கு அடக்கிக்கொள்ள வேண்டும்.

பரோட்டாவும் பிரியாணியும் இன்னொரு ரகம். அவற்றிலுள்ள எண்ணெயும் நெய்யும் ஜீரணத்தைத் தாமதப்படுத்தும். சாப்பிட்ட இரண்டு மணிக்குப் பார்த்தால் சர்க்கரை சாதுவாக இருக்கும். 'அப்பாடா!' என்று படுத்துவிட்டால், நடுநிசியில் ஏறி நிற்கும். பிரியாணி இரவுகளில் படுக்கப்போகும்போது ஒரு தடவையும், பிறகு ஒரு தடவையும் சோதித்துப் பாருங்கள். ஏறியிருக்கிறதே என்று பதறி, முதல் ஊசியின் வேகம் அடங்குவதற்குள் இன்னொன்றைக் குத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து விடியற்காலையில் கீழே தள்ளிவிடும். இத்தகைய விருந்துக்கு ஊசியை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

கைப்பையில் என்னென்ன இருக்க வேண்டும்? சர்க்கரை சோதிக்கும் கருவி, குளுகோஸ் பொடி, இன்சுலின். நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100. குப்பிக்குச் சிவப்பு மூடி ஸிரிஞ்சு, 100 யூனிட் சரக்குக்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு தவறிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மருந்தை வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

சோதித்ததில் 70-க்குக் கீழே இருந்தால், ஊசியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் தெரிந்த தாயார்கூடச் சில சமயம் கவனிக்காத விஷயம் இது. அத்தை பிள்ளைகளும் மாமா பெண்களும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "எனக்குப் பசிக்கவில்லை" என்று குழந்தை சொன்னால், உண்மையில் பசி இல்லாமல் இருக்காது. எல்லோருக்கும் எதிரில் ஊசி எடுக்க வெட்கமாக இருக்கும். 'ஐயோ பாவம்!' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அதற்காகக் கைகழுவும் இடத்தின் இருட்டு மூலைக்கு அழைத்துப் போகாதீர்கள். மேஜையிலேயே, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதுபோல, சாவகாசமாகப் போடட்டும். வேடிக்கை பார்க்கிற உறவினரிடம் சாம்பார் வாளியைத் தள்ளி, "உங்களுக்கு இன்னும் கொஞ்சம்?" என்று கேளுங்கள். அவர் கவனம் தானாகத் திரும்பிவிடும்.

இரண்டு இட்லியை டப்பாவில் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவது நமக்குச் சுலபம்தான். ஆனால் நாளைக்கு அந்தப் பெண் காலேஜுக்குப் போவாள், உத்தியோகத்துக்குப் போவாள், சிநேகிதிகளுடன் சாப்பிடுவாள். அப்போது சர்வரைக் கேட்கவும் தோசையை எண்ணவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க, நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வயதைவிட நல்ல சமயம் வேறு எது?