பெருங்குறி மக்கள் எங்கே?

ஆண்டுக்கொரு முறை பள்ளிதோறும் ஒரு கூட்டம் நடைபெறுதல் நம் நாட்டு வழக்கம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம் என்பது அதன் பெயர். நம் திருகோணமலையிலே அத்தகைய கூட்டமொன்றுக்கு அண்மையில் யானும் சென்றிருந்தேன். மண்டபம் நிறைய நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். அவற்றிற் பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தன. சென்ற ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. கணக்கறிக்கை வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. அடுத்து நிருவாகத் தெரிவு வந்தது. ஒருவர் ஒரு பெயரை முன்மொழிந்தார், மற்றொருவர் வழிமொழிந்தார், சிலர் கை தட்டினர். தேநீர் ஆறுவதற்குள் தெரிவும் நிறைவேறியது.

வாயிலோரத்தில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். திருக்கடலூர்ப் பக்கத்தவர், காலைச் சந்தையை முடித்துக்கொண்டு நேரே வந்தவர் என்பது அவர் கையிலிருந்த வெறுங் கூடையாலே தெரிந்தது. என்னை அணுகி, "ஐயா, மகனுக்குப் போன வருசத்திலிருந்து கணக்கு வாத்தியார் இல்லை. அதை இதிலே கேக்கலாமோ?" என்று மெல்ல வினவினார். "தாராளமாய்க் கேளுங்கோ பிள்ளை, அதற்குத்தானே கூட்டம்" என்றேன். அதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. அவர் கேளாமலே திரும்பிப் போனார்.

அந்தத் தாயின் கேள்வி யாரிடம் கேட்கப்பட வேண்டியது? நூறாண்டுக் காலத்தில் அதற்குரிய விடை நம் ஊரிலே பலமுறை மாறியிருக்கிறது. அம் மாற்றத்தை அறிந்தாலன்றி அன்று வெறுமையாய்க் கிடந்த நாற்காலிகளின் விலை நமக்குப் புலப்படாது.

ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1907 ஆம் ஆண்டின் கிராமப் பள்ளிக் கட்டளைச் சட்டம் மாவட்டந்தோறும் பள்ளிக் குழுக்களை ஏற்படுத்திற்று. எனினும், பெரும்பாலான பள்ளிகள் சமய நிறுவனங்களின் கையிலும் தனிப்பட்ட வள்ளல்களின் கையிலுமே இருந்தன. நம் நகரிலே 1897 இல் தோன்றிய இந்துப் பாடசாலை 1925 இல் இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. விபுலானந்த அடிகளார் அதனை வளர்த்தெடுத்தார். தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பெண்களுக்கென்று 1923 இல் நிறுவிய பள்ளியே இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாய் விளங்குகின்றது. கத்தோலிக்கத் திருச்சபையாரும் மெதடிஸ்த சபையாரும் தத்தம் பள்ளிகளை நடத்தினர். அக்காலத்து முகாமையாளர் எவரும் மக்களால் வாக்களித்துத் தெரியப்பட்டவரல்லர். ஆயினும் அவர் யார், அவர் வீடு எது என்பது ஊரறிந்த செய்தி. குறையுடையவர் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

1931 இல் இந்நாட்டில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. மக்கள் தெரிந்த அரசாங்க சபையிலே கல்விக் குழுவின் தலைவராயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. வாக்குச் சீட்டின் பயனாய் ஏழை வீட்டுப் பிள்ளையின் கையிலே புத்தகம் வந்ததென்று சொல்வது மிகையன்று. பின்னர் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளை அரசாங்கத்தின் வசமாக்கின. அது நன்றோ தீதோ என்னும் வழக்கை ஈண்டு எழுப்புவது என் நோக்கமன்று. சமய வேற்றுமை பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவு திறந்தது நன்று. ஆனால் பெற்றோர் தட்டவேண்டிய கதவு கொழும்புக்குப் போய்விட்டது. பழைய முகாமையாளரின் வீட்டுத் திண்ணையிலே பேசி முடிந்த கருமம், இலக்கமிட்ட கடிதமாய் அலுவலகம் அலுவலகமாக அலையலாயிற்று.

1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் அக்கதவை மீண்டும் அண்மையிற் கொணர்ந்தது. தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் நிற்க, ஏனைய அரசாங்கப் பள்ளிகளின் பரிபாலனம் மாகாணங்களுக்கு உரியதாயிற்று. கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் நம் திருகோணமலையே. எனவே மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ ஒரு பள்ளிக்கு ஆசிரியர் இல்லையெனின், அதனைக் கேட்பதற்குரிய சபை பேருந்தேறிப் போகக்கூடிய தூரத்திலேயே அமைந்தது. கிழக்கு மாகாணசபைக்கு 2008 மே மாதத்திலும் 2012 செப்டெம்பரிலும் தேர்தல்கள் நடந்தன. 2017 செப்டெம்பரில் அச்சபையின் ஆயுள் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுவதற்கு அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. அதற்கிணங்க வகுத்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. தேர்தல் அந்த இடுக்கிலே அகப்பட்டுக்கொண்டது. 2024 இல் சனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் நடந்தன. 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாணசபைத் தேர்தல் மாத்திரம் அப்பொழுதும் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் கருமங்களை நடத்துகின்றனர். அவர்கள் செவ்வனே நடத்தலாம். ஆயினும் அவர்களை நாம் தெரியவில்லை. நாம் மாற்றவும் முடியாது. 2018 இல் முதலாந் தரத்திலே சேர்ந்த பிள்ளை, கல்வியமைச்சரென்று மக்கள் தெரிந்த ஒருவர் தன் மாகாணத்தில் இல்லாமலே இடைநிலை வகுப்புக்கு ஏறிவிட்டது.

இதனாற் பெறப்படுவது யாது? பள்ளிக் கருமத்தில் பெற்றோர் தம் கையாலே ஒருவரைத் தெரிந்தமர்த்தும் இடமாய் நம் மாவட்டத்தில் எஞ்சியிருப்பது அந்த ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்றே. எஞ்சிய அந்த ஒன்றையும் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறோம் என்பதே என் முறையீடு.

அச்சங்கத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். அதன் தலைவர் அதிபரே. அது பதவிவழி வருவது. ஆசிரியரை நியமிக்கவோ இடமாற்றவோ சங்கத்தால் இயலாது. இவையெல்லாம் உண்மை. ஆனால் பெற்றோரிடம் பணம் திரட்டுவதும் அதனைச் செலவிடுவதும் பெரும்பாலும் சங்கத்தின் பெயராலேயே நடக்கின்றன. இலவசக் கல்வி நாட்டிலே ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாவும் சங்கப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டியது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்த ரூபாவின் பாரம் யாவரும் அறிந்ததே. இடத்துக்குப் போட்டி மிகுந்த பள்ளிகளில் முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகச் சபையிலே சங்கத்தின் பிரதிநிதியும் அமர்கிறார். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் தீர்மானமொன்றை எழுத்திலே நிறைவேற்றி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பினால், அது தனியொரு தாயின் முறைப்பாடு அன்று, ஊரின் குரல். கணக்கு ஆசிரியர் அதனாலே மறுநாளே வந்துவிடுவார் என்று யான் சொல்லேன். ஆயினும் கேட்கப்படாத கேள்விக்கு விடை ஒருநாளும் வராது.

பிற நாடுகளிற் பள்ளிச் சபைத் தெரிவை மக்கள் எவ்வாறு மதித்தனர் என்பதும் நோக்கத்தக்கது. இங்கிலாந்திலே 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் ஊர்ப் பள்ளிச் சபைகளைத் தேர்தலால் அமைத்தது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லாத காலம் அது. ஆயினும் பள்ளிச் சபைக்கு அவர்கள் வாக்களிக்கவும் அபேட்சகராய் நிற்கவும் கூடுமாயிற்று. இலண்டன் சபைக்கு அவ்வாண்டிலேயே இரு பெண்மணிகள் தெரியப்பட்டனர். நாட்டின் அரசியல் வாயில் திறக்குமுன் பள்ளி வாயில் அவர்களுக்குத் திறந்தது. 1902 இல் அச்சபைகள் ஒழிக்கப்பட்டமை வேறு கதை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பள்ளி வட்டாரந்தோறும் சபையுறுப்பினரைப் பெரும்பாலும் மக்களே வாக்களித்துத் தெரிகின்றனர். வரவு செலவும் பாடநூலும் தலைமைக் கல்வியதிகாரியின் நியமனமும் அச்சபைகளின் கையில் உள்ளன. ஆங்கும் வாக்களிக்க வருவோர் சிலராகவே இருக்கும் இடங்கள் பல; சிலர் மாத்திரம் வரும் இடத்திலே கூச்சலிடுவோரே ஊராகி விடுகின்றனர். தமிழ்நாட்டிலே, 2009 இன் கல்வியுரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அமைகின்றன. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்பது விதி. 2022 இல் ஆங்கு அக்குழுக்கள் புதுப்பிக்கப்பட்டபோது தலைமைப் பதவி தாய்மாருக்கு உரியதாயிற்று. தலைமையாசிரியர் அமரும் குழுவிலே ஒரு தாய் தலைவியாய் வீற்றிருத்தல் நம்மவர்க்குப் புதுமையாய்த் தோன்றலாம். வாயிலோரத்திலே கூடையோடு நின்ற அந்தப் பெண்ணை நினைப்போர்க்குத் தோன்றாது.

நிற்க. தமிழர்க்கு இக்கலை பிறர் கற்பித்ததன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என ஊர்க் கருமங்களுக்கு வாரியங்கள் இருந்தன. இன்று தமிழ்நாட்டார் 'வாரியம்' என்று வழங்கும் சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லிலே ஏறிய சொல். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதுக்கு மேற்பட்டவரும் வாரியத்துக்கு ஆகார். அண்மையில் வாரியஞ் செய்தவர் மூன்றாண்டு விலகியிருத்தல் வேண்டும். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மாத்திரமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக்கொண்டே எடுப்பித்தனர். அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் ஆங்கு இடமில்லை. அக்குறையை நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்னும் நீதி எக்காலத்தும் நீதியே.

உத்தரமேரூர் கடல் கடந்த ஊராயிற்றே என்பார்க்கு நம் மாவட்டத்துக் கந்தளாயைக் காட்டுவேன். ஆங்குக் கிடைத்த 11 ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, இராசராசச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களைக் குறிக்கின்றது. பெருங்குறியாவது ஊர்ப் பேரவை. கந்தளாய்க் குளக்கரையிலே கூடிப் பேசித் தீர்மானித்த பேரவை ஒன்று இம்மண்ணிலே இருந்தது. அந்தணரல்லாதார்க்கு அன்று மறுக்கப்பட்ட இருக்கை இன்று யாவர்க்கும் விரிக்கப்பட்டிருக்கிறது. விரித்த இருக்கையிலே அமர ஆளில்லை என்பதுதான் நம் காலத்து விந்தை.

தேர்தல் என்றதும் பள்ளிக்குள்ளே கட்சியும் குழுவும் சாதியும் புகுந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வெறுமையானதன்று. தமிழர், முசுலிம்கள், சிங்களவர் என மூவினத்தாரும் வாழும் துறைமுக மாவட்டம் நம்முடையது. பள்ளி மதிலுக்குள்ளே மூண்ட சிறு தீ ஊரைச் சுடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் கட்சி புகுவது பலர் வருவதனாலன்று, சிலரே வருவதனால். பத்துப்பேர் கூடும் இடத்தை ஆறுபேர் கைப்பற்றலாம். முந்நூறு பெற்றோர் கூடும் இடத்தைக் கைப்பற்றுதல் எளிதன்று. பூட்டிய அறையிலே குழு வளரும். திறந்த முற்றத்திலே அது வாடும்.

ஆகலின் யான் வேண்டுவன சில. கூட்ட அறிவித்தல் இரண்டு வாரத்துக்கு முன்னரே வீட்டுக்கு வரட்டும். தோணி கரைசேரும் வேளையும் வயல் வேலை வேளையும் நோக்கி நேரம் குறிக்கப்படட்டும். கடலுக்குப் போனவன் வரமுடியாத வேளையிலே கூட்டிவிட்டு, வரவில்லையே என்று குறை கூறுதல் முறையன்று. கணக்கு முழுவதும் வாசிக்கப்பட்ட பின்னரே தெரிவு தொடங்கட்டும். போட்டி உண்டாயின் கையுயர்த்தலை விட்டு எழுத்து வாக்கு நடக்கட்டும். ஆசிரியர் முகத்துக்கஞ்சித் தாழும் கைகள் பல. ஒருவரே ஆண்டாண்டாகச் செயலாளராயிருத்தல் தவிரட்டும். தெரிவு தொடங்குமுன் அரைமணி நேரம் பெற்றோரின் கேள்விக்கென்றே ஒதுக்கப்படட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டா, பணமும் வேண்டா. அதிபர்மாரின் மனமும் பெற்றோரின் காலடியுமே வேண்டும்.

மாகாணசபையின் வெற்று நாற்காலிகளை நிரப்புதல் நம் கையிலில்லை. பள்ளி மண்டபத்து நாற்காலிகளை நிரப்புதல் நம் கையிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு யான் முன்னதாகவே போக எண்ணியிருக்கிறேன். கூடையோடு வரும் அந்தத் தாய்க்கு முன்வரிசையிலே ஒரு நாற்காலி வைத்திருத்தல் வேண்டும்.